தோற்றுப்போன ஒரு சொல்

பஞ்சாபிலுள்ள பதேகர் சாகிபில் ஆண்டுதோறும் டிசம்பரில் பெருங்கூட்டம் கூடுகிறது. அந்நாட்களில் பல சீக்கியக் குடும்பத்தார் வெறுந்தரையில்தான் படுக்கிறார்கள்.

குரு கோவிந்த சிங்கின் இளைய புதல்வர்கள் ஜோராவர் சிங், பதே சிங். 10 வயதுகூட நிரம்பாத பாலகர்கள். மதம் மாற மறுத்ததற்காக, சர்ஹிந்தில் அவர்களை உயிரோடு சுவரில் வைத்துக் கட்டினார்களாம். முந்நூறு ஆண்டுகளாகியும் அந்தப் புண் ஆறவில்லை.

ஆனால், என் மனம் இன்னொருவரிடமும் போய் நிற்கிறது. மாலேர்கோட்லா நவாப் ஷேர் முகம்மது கான், போர்க்களத்தில் குருவை எதிர்த்தவர். ஆயினும், குழந்தைகளைக் கொல்வது தகாது என்று வாதாடினார். அவர் சொல் எடுபடவில்லை.

1947-இல் பஞ்சாப் பற்றி எரிந்தபோது, மாலேர்கோட்லா முஸ்லிம்கள் பிழைத்தார்கள். அன்று தோற்ற சொல்லே காத்தது என்கிறார்கள் அவ்வூரார். அந்தப் பாலகர்களுக்கு இதைவிடப் பெரிய நினைவுச்சின்னம் உண்டென்று எனக்குத் தோன்றவில்லை.