விட வேண்டிய ஒட்டு

அம்மாவின் வயலினைக் கெடுத்தது நான்தான். இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். மேல்பலகை விளிம்பில் லேசாகப் பிரிந்திருந்தது. கடையில் கிடைத்த வெள்ளைப் பசையை தாராளமாக வைத்து ஒட்டினேன். அடுத்த மதுரைக் கோடையில் மரம் சுருங்கியது. ஒட்டு அசையவில்லை, பலகை பிளந்தது.

"வச்சிரத்துல ஒட்டியிருந்தா ஒட்டுதான் விட்டிருக்கும் தம்பி. அது விடணும்," என்றார் ரிப்பேர் பார்த்தவர். தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை அது. கொஞ்சம் வெந்நீரும் மெல்லிய கத்தியும் இருந்தால் பிரித்துவிடலாம்.

ஆனால் 60 டிகிரி சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும், பூசியதும் இறுக ஆரம்பித்துவிடும். என் கைக்கு அந்த வேகம் கிடையாது. அதனால் பாட்டிலில் வரும் திரவ வச்சிரம். யூரியா மாதிரி ஏதாவது சேர்ப்பதால் அறைச் சூட்டிலேயே இளகியிருக்கும், நிதானமாக கிளாம்ப் மாட்டலாம். ஈரக்காற்றில் இளகுவது அதன் பலவீனம். பழைய பாட்டில் என்றால் ஒழுங்காகக் காயாது; தேதியை நம்பாமல் அட்டையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிடுவேன்.

இந்த மாதம் கீழ்ப்பலகை திறந்திருக்கிறது. நேற்று விட்ட சொட்டை நகத்தால் அழுத்தினேன். கண்ணாடி மாதிரி உடைந்தது.

"இந்தத் தடவையாவது யாரையாச்சும் கேட்டியாடா?" என்றாள் அம்மா.

"கேட்டேன்மா. விளிம்பைப் பிடிச்சுக்கோ."