பீப் சத்தம் வரட்டும்

கடலோரத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர்களுக்கு முதல் சந்தேகம் உப்பின் மேல்தான். வானூருக்குக் கிழக்கே கடல். வடக்கே கழுவேலி சதுப்பு நிலத்தைத் தாண்டினால் மரக்காணத்து உப்பளங்கள். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை இழுத்துக்கொண்டு கரைந்துவிடும். போர்டில் படிந்த தூசியோடு அது சேரும்போது பின்களுக்கு நடுவே மின்சாரம் கசிகிறது, செம்பில் பச்சை பூக்கிறது.

வடகிழக்குப் பருவமழையில் உப்பளம் ஓய்ந்துவிடும், கணக்கு எழுதும் அறையும் பூட்டிக் கிடக்கும். ஓடுகிற மெஷினின் சூடே ஈரத்தை விரட்டிவிடும். மாதக்கணக்கில் அணைந்து கிடப்பதுதான் கெடுகிறது. தை பிறந்து பாத்தி கட்டும் நேரத்தில் சுவிட்சைத் தட்டினால் ஃபேன் சுற்றும், திரை இருண்டே இருக்கும். வானூரில் நான் போய் உட்கார்ந்த சர்வீஸ் கடைக்கு அப்படித்தான் ஒரு பழைய கோர் 2 டுயோ வந்திருந்தது, சாக்கில் சுற்றி, பைக்கில்.

"போர்டு போச்சு, புதுசா வாங்கிடுங்கன்னு சொல்லிட்டாங்கண்ணா. டேலி கணக்கு பூரா அதுலதான் இருக்கு" என்றார் கொண்டுவந்த இளைஞர்.

மெக்கானிக் முதலில் ஹார்டுடிஸ்க்கைக் கழற்றினார். வேறொரு சிஸ்டத்தில் மாட்டி, கணக்குக் கோப்புகளை நகல் எடுத்து முடித்த பிறகுதான் ஸ்க்ரூடிரைவர் போர்டு பக்கம் போனது. இந்த வரிசையை எல்லாக் கடைகளும் கடைப்பிடிக்க வேண்டும் என்பேன். பெட்டி போனால் இன்னொன்று வாங்கலாம். கணக்கு போனால் போனதுதான்.

அடுத்தது மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி. பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் சின்னக் கம்பியால் இணைத்தார். அதன் ஃபேன் சுற்றியது. "இதை வெச்சு நல்லா இருக்குன்னு சொல்லக்கூடாது சார். லோடு குடுத்தாத்தான் தெரியும்." பழைய ஹார்டுடிஸ்க் ஒன்றை லோடாக மாட்டி மல்டிமீட்டர் வைத்தார். 12 வோல்ட் லைனில் 11.9. கீழே 11.4 வரை இறங்கலாம், அதற்குக் குறைந்தால் ஆகாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும் என்பதால் அவசியமில்லாமல் அந்தப் பெட்டியைத் திறப்பதில்லை என்றார்.

பிறகு போர்டை வெளியே எடுத்து, அட்டைமேல் கிடத்தி, ரேமையும் உருவிவிட்டு ஆன் செய்தார். விரல்நுனி அளவில் ஒரு ஸ்பீக்கரைப் போர்டில் செருகியிருந்தார். ரேம் இல்லை என்று பிராசசர் முறையிட்டால் நீளமாக பீப் வர வேண்டும். பீப் வந்தால் போர்டுக்கும் பிராசசருக்கும் உயிர் இருக்கிறது. எதுவும் வரவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன், சலிப்பே இல்லை. தேட வேண்டிய இடம் குறைந்துவிட்டது, அவ்வளவுதான்.

டார்ச் அடித்துப் பிராசசரைச் சுற்றிக் காட்டினார். கண்டென்சர் வரிசையில் மூன்றின் தலை மட்டும் பூரிபோல் எழும்பியிருந்தது. ஒன்றின் தலைப்பிளவில் பழுப்புக் கசடு. பிராசசருக்குப் போகும் மின்னழுத்தத்தைச் சீராக வைப்பவை இவை. ஈயத்தை உருக்கி உறிஞ்சி எடுத்து, அதே மைக்ரோஃபேரட், 105 டிகிரி தாங்கும் புதியவற்றை நெகட்டிவ் கோடு பார்த்து வைத்தார். ரேம் ஸ்லாட்டை ஐ.பி.ஏ. (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) தொட்ட பிரஷால் துடைத்தார். ரேமின் தங்கநிறப் பட்டைகளைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து, தூள் போக ஊதிவிட்டு ஓரமாக வைத்தார்.

மறுபடி ஆன். நீளமாக பீப்! ரேமைச் செருகியதும் திரையில் எழுத்து ஓடியது. தேதி மட்டும் 2009 என்றது. காசு அளவு சிஆர்2032 பேட்டரியை மாற்றினார்.

மாற்றிய பொருளின் விலையைக் கூட்டினால் நூறு ரூபாய் தேறாது. இந்தத் தொழிலாளிகளின் பாடு இங்கேதான். "ரப்பர் போட்டுத் தேச்சதுக்கா ஐந்நூறு?" என்று கேட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. வலிக்காமல் காசு வாங்க எளிய வழி, போர்டு போச்சு என்று சொல்லிப் புதியதை விற்பது. அதைச் செய்யாத மனிதருக்கு, எது கெடவில்லை என்று ஒவ்வொன்றாக நிரூபித்த அந்த இரண்டு மணி நேரத்துக்குத்தான் கூலி தர வேண்டும். இளைஞர் பேரம் பேசாமல் கொடுத்தார்.

"தரையில வைக்காத தம்பி, மேசை மேல ஏத்து. மழைக்காலத்துல ஆபீஸ் மூடுனாலும் நாலு நாளைக்கு ஒருக்கா வந்து ஒரு மணி நேரம் ஓட்டு. எர்த் இருக்கான்னு எலக்ட்ரீஷியன வெச்சுப் பாத்துடு" என்றபடியே மெக்கானிக் அடுத்த பெட்டியின் மூடியைக் கழற்றத் தொடங்கியிருந்தார்.