கையில் எழும் தடிப்பு

ஆறு வருஷம் எனக்கு நோயாளி என்றால் சின்ன பிளாஸ்டிக் குழாயில் வந்து சேரும் சீரம்தான். லேபிளில் ஓர் எண். மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் மானசகங்கோத்ரி வளாகத்தில் உயிர்வேதியியல் படித்தவளுக்கு அதற்கு மேல் தெரிய வேண்டியதில்லை என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் ஒவ்வாமை ஓ.பி.யில் போய் நின்ற பிறகுதான் என் படிப்பில் பாதி அங்கே இருக்கிறது என்று புரிந்தது.

நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா கையை நீட்டி உட்கார்ந்திருந்தார். முன்கையில் பேனாவால் வரிசையாகக் குறிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சொட்டு. சொட்டின் மேல் ரத்தம் வராமல் ஊசியால் லேசாக ஒரு குத்து. உப்புநீர் வைத்த இடத்தில் ஒன்றும் எழக்கூடாது; ஒவ்வாமையின்போது உடம்பே சுரக்கும் ஹிஸ்டமின் வைத்த இடத்தில் எழுந்தே தீர வேண்டும். கால் மணி நேரம் கழித்து ஸ்கேல் வைத்து அளப்பார்கள். உப்புநீர் வைத்த இடத்தைவிட 3 மில்லிமீட்டராவது கூடுதலாக வீங்கினால் பாசிட்டிவ். கத்தரிக்காய்ச் சாறு வைத்த இடம் கொசு கடித்ததுபோல் வெளிறித் தடித்து, சுற்றிலும் சிவந்திருந்தது. எங்கோ முன்பு செய்த சோதனையிலும் இதே முடிவுதானாம். அன்று முதல் அவர் வீட்டில் வாங்கிபாத் என்னும் கத்தரிக்காய்ச் சாதம் இல்லை. மைசூர்க்காரருக்கு அது சின்ன இழப்பில்லை.

“டாக்டர், சாற்றை டயாலிசிஸ் செய்தீர்களா?” என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து, “யாருக்கு?” என்றார்.

ஒரே சொல்தான். அவருக்கு அது சிறுநீரக நோயாளி. எனக்குக் குளிர் அறையில் 4 டிகிரியில் இரவு முழுக்கச் சுழலும் காந்தக் குச்சியும், மெல்லிய சவ்வுப் பையில் கட்டிய சாறும். கத்தரிக்காயிலேயே ஹிஸ்டமின் இருக்கிறது. அதன் மூலக்கூறு எடை வெறும் 111. பையின் நுண்துளை வழியே கசிந்து வெளியேறிவிடும். ஒவ்வாமை தரும் புரதங்கள் பல ஆயிரம் எடை கொண்டவை; உள்ளேயே தங்கும். பையில் மிஞ்சியதை வைத்துக் குத்தினால்தான், தடிப்பை எழுப்பியது உடம்பா, காயா என்று தெரியும்.

இது நான் கண்டுபிடித்த சந்தேகமல்ல. இங்கே மைசூரில் உள்ள உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமான சி.எஃப்.டி.ஆர்.ஐ.யின் ஒய்.பி. வெங்கடேஷ் குழுவும் ஒவ்வாமை மருத்துவர் பி.ஏ. மகேஷும் சேர்ந்து 741 பேரிடம் செய்த கத்தரிக்காய் ஆய்வு 2008இல் வெளியானது. ஏறக்குறைய 9 சதவீதம் பேருக்குத் தோல் சோதனை பாசிட்டிவ். உண்மையான ஒவ்வாமை என்று உறுதியானதோ நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. அந்த இடைவெளியில் எத்தனை பேர் சும்மாவே ஒரு காயை விட்டிருப்பார்கள்! உணவு வேதியியல் அறிந்தவரும் நோயாளியைத் தொட்டுப் பார்ப்பவரும் சேராமல் அந்தக் கணக்கு வந்திருக்காது.

இப்படிச் சேர்வதற்குப் பழைய உதாரணமும் உண்டு. 1921இல் ப்ரவுஸ்னிட்ஸ் என்ற ஆய்வாளர் தன் தோலில், மீன் ஒவ்வாத சக ஆய்வாளர் க்யூஸ்ட்னரின் சீரத்தைச் செலுத்திக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தியதும் தடித்தது. ஒவ்வாமையைத் தூண்டும் ஏதோ ஒரு பொருள் ரத்தத்தில் பயணிக்கிறது என்று உலகம் அறிந்தது அப்படித்தான். அந்தப் பொருளுக்கு ஐஜிஇ என்று பெயர் நிலைக்க 1968 ஆனது. கூட்டாராய்ச்சி என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த இருவர்தான் நினைவுக்கு வருவார்கள்.

சேர்ந்து வேலை செய்வதன் சிரமங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. ஓ.பி.க்கு ஒரு மணி நேரம்கூடத் தாமதம்தான். எங்களுக்கோ ஓர் இரவு என்பதே அவசரம். ஐஸ் பெட்டியோடு வெயிலில் பஸ்ஸில் வரும் மாணவியின் பெயர் கட்டுரையில் எங்கே வரும் என்பதை முதல் நாளே பேசிவிட வேண்டும். நான் பேசாமல் விட்ட ஒரு முறை ஒரு நல்ல நட்பு போயிற்று.

அந்த அம்மாவுக்கு டயாலிசிஸ் செய்த சாற்றில் தடிப்பு எழவில்லை. எலைசா ரத்தச் சோதனையிலும் கத்தரிக்காய்க்கான ஐஜிஇ இல்லை. டாக்டர் ஆஸ்பத்திரியிலேயே உட்காரவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கவனித்த பிறகே வீட்டுக்கு அனுப்பினார். நானும் அன்று கடைசிவரை இருந்தேன்.

ஆய்வு மாணவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: சாம்பிள் கேட்டுக் கடிதம் எழுதுவதற்கு முன் ஒரு காலைப்பொழுது அந்த ஓ.பி.யில் போய் உட்காருங்கள். டாக்டரையும் ஒரு மாலை உங்கள் குளிர் அறைக்குக் கூட்டி வாருங்கள்.