கைப்பிடியின் முதுகு

"பின்பக்கத்தத் திருப்பிப் பாருங்கம்மா" என்றார் பெரியவர். என் கையில் இருந்தது அன்று காலையில் வார்த்த, இன்னும் அரம் படாத அலமாரிக் கைப்பிடி. முகப்பு எப்படியும் பாலிஷில் பளபளத்துவிடும். ஊசித்துளை விழுந்திருக்கிறதா, இரண்டு கால்களும் ஒரே கனமா, திருகு ஏறும் இடத்தில் சதை போதுமா என்பதெல்லாம் முதுகைப் பார்த்தால்தான் தெரியும்.

கும்பகோணத்திலிருந்து திருவாரூர் போகும் சாலையில் இருக்கிறது நாச்சியார்கோவில். கல் கருடனுக்கும் குத்துவிளக்குக்கும் பேர்போன ஊர். நான் போன பட்டறையில் விளக்குதான் முதல் வேலை. அளவு கொடுத்தால் கதவுக் குமிழ், கைப்பிடி, கொக்கி எல்லாம் இடையிடையே வார்த்துத் தருவார்கள். எங்கள் சமையலறைக்கும் குளியலறைக்கும் வேண்டியிருந்தது.

எல்லாம் வண்டல் மண்ணில் தொடங்குகிறது. காவிரிப் படுகையின் அந்த மென்மண்ணைச் சலித்து, லேசாக ஈரம் காட்டி, கையில் பிடித்தால் பிடி நிற்கிற பதத்துக்குக் கொண்டுவருகிறார் பெரியவர். ஈரம் கூடினால், உருகிய பித்தளை பட்டதும் நீராவி கிளம்பி உலோகத்துக்குள் துளை விடும். குறைந்தால் அச்சு உதிரும். கீழ்ப்பெட்டி மண்ணில் மாதிரியைப் பாதி புதைத்து, மெல்லிய பொடி தூவி, மேல்பெட்டியை வைத்து மண்ணை இடிக்கிறார். பிறகு பெட்டியைப் பிரித்து மாதிரியை எடுக்கும்போது பட்டறையில் யாரும் பேசுவதில்லை. மாதிரியின் பக்கங்கள் துளி சரிவாக இருந்தால்தான் மண்ணைக் கிழிக்காமல் வெளியே வரும். பழைய வார்ப்புக் கைப்பிடிகளின் ஓரங்கள் செங்குத்தாக நிற்காமல் மெதுவாக இறங்குவதை ரசித்திருக்கிறோமே, அந்த அழகுக்கு மண்ணும் ஒரு காரணம்.

பாட்டி வீட்டு அலமாரியின் கைப்பிடி ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். அதையே மாதிரியாக மண்ணில் அழுத்த அவர் சம்மதிக்கவில்லை. "ஆறும்போது சுருங்கும்மா. இத வச்சு வார்த்தா ஓட்டைக்கு ஓட்டை சேராது." பித்தளை ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு சுருங்கும். இப்போதைய அலமாரிகளில் திருகு இடைவெளி பெரும்பாலும் 96 அல்லது 128 மில்லிமீட்டர். 128-க்கு 2 மில்லிமீட்டர் போய்விடும். அப்புறம் கதவில் எங்கே பொருந்தும்? அந்தச் சுருக்கத்தையும் சேர்த்துத் தனியாக மாதிரி செய்து, வார்த்த பிறகே துளை போடுகிறார்.

உலைப் பக்கம் நிற்பது கடினம். பித்தளை 900 டிகிரியை ஒட்டி உருகுகிறது. அதில் கலந்திருக்கும் துத்தநாகமோ 907 டிகிரியில் கொதிப்பது. அதனால் மூசையின் வாயிலிருந்து வெள்ளைப் புகை ஓயாமல் எழும்பும். அதை நிறைய இழுத்தவருக்கு இரவில் குளிரும் காய்ச்சலும் வரும், ஓரிரு நாளில் தணியும். "போர்த்திக்கிட்டுப் படுத்துடுவோம், அவ்வளவுதான்" என்றார் வார்த்துக்கொண்டிருந்த தம்பி. முகத்தில் துண்டு கட்டியிருந்தார். துண்டு அந்தப் புகையைத் தடுக்காது. உலைக்கு மேல் நல்ல புகைக்கூண்டும் விசிறியும் வேண்டும். அதற்கான காசு, நாம் கொடுக்கும் விலையிலிருந்துதானே வரவேண்டும்?

அந்த விலையைப் பற்றித்தான் எனக்கு ஆற்றாமை. விளக்கைப் போலவே கைப்பிடியையும் கிலோ கணக்கில் கேட்கிறோம். விளக்கின் தண்டும் தட்டும் உருண்டை. கடைசலில் பூட்டித் திருப்பினால் வழவழப்பாகிவிடும். வளைந்த கைப்பிடி கடைசலில் நிற்காது. ஒவ்வொரு மடிப்பிலும் கையால் அரம் போட வேண்டும். எடை கொஞ்சம், நேரம் நிறைய. எடைக்கு விலை பேசினால் அரம் பிடித்தவரின் நேரத்துக்குக் கூலியே இல்லை.

கடைகளில் பித்தளை நிறத்தில் தொங்குபவற்றில் பல, துத்தநாகக் கலவைமேல் முலாம் பூசியவை. காந்தம் வைத்துப் பார்த்துப் பயனில்லை, இரண்டிலும் ஒட்டாது. திருகுத் துளைக்குள் லேசாகச் சுரண்டினால் உள்ளே மஞ்சளா, சாம்பலா என்று தெரிந்துவிடும். ஒரே அளவில் பித்தளைதான் கனம்.

சமையலறைக்கு அரக்குப் பூச்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். செம்பு கலந்த உலோகப் பரப்பில் கிருமிகள் மடியும் என்பதை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2008-இல் ஏற்றுப் பதிவு செய்திருக்கிறது. மேலே பூச்சு இருந்தால் அந்தக் குணம் கைக்கு எட்டாது. நிறம் கறுக்கத்தான் செய்யும். புளி இருக்கிறது. குளியலறைக்கும் பூசாத பித்தளையே போதும் என்றார் பெரியவர்; ஈரத்தில் பூச்சு திட்டுத்திட்டாக உரிந்தால் இன்னும் அசிங்கம். "ஆசிட் மட்டும் படவிடாதீங்க" என்றார். ஆசிட் பட்டால் துத்தநாகம் கரைந்து, அந்த இடம் செம்பாகச் சிவந்து, உளுத்துப்போகும்.

உருப்படிக்கு இவ்வளவு என்று விலை பேசினோம். அரம் போடும் நேரத்தை அவரையே சொல்லச் சொன்னேன். தயங்கிக் குறைத்துத்தான் சொன்னார். கொஞ்சம் கூட்டி எழுதி, முன்பணம் கொடுத்தேன்.