'தலைக்கு 6,000-னுதானே சொன்னீங்க மச்சான்!' - பாண்டிச்சேரி போன ஒரு பேச்சுலர் பார்ட்டியின் கணக்கு

வெள்ளிக்கிழமை இரவு 9 மணி. சென்னை ஈ.சி.ஆரில் உத்தண்டி சுங்கச்சாவடியை நெருங்கும் கார்களில் பாதி, வார இறுதிக் கார்கள். பின்சீட்டில் போர்வை, ப்ளூடூத் ஸ்பீக்கர், சிப்ஸ் பாக்கெட். அவற்றில் இரண்டு கார்களில் ஒரே மாதிரி கறுப்பு டி-ஷர்ட் போட்ட ஏழு பேர் இருக்கிறார்கள். டி-ஷர்ட்டின் முதுகில் 'மாப்பிள்ளை டீம்' என்று அச்சடித்திருக்கிறது. எட்டு டி-ஷர்ட் அடித்தார்கள். ஒன்று கவரிலேயே இருக்கிறது.

எட்டாவது நண்பர் வரவில்லை. "ஆபீஸ்ல லீவு தரலை மச்சான்" என்று மதியம் குரூப்பில் ஒரு மெசேஜ். அழுகிற எமோஜி இரண்டு. அவ்வளவுதான்.

எட்டு பேரும் ஒரே கல்லூரி. அதில் ஒருவருக்கு அடுத்த மாதம் தஞ்சாவூரில் கல்யாணம். 'பேச்சுலர் பார்ட்டி' என்று வாட்ஸ்அப் குரூப் தொடங்கியபோது பேசிய தொகை, தலைக்கு 6,000 ரூபாய். வெள்ளிக்கிழமை காலையில் அது 12,800 ஆகியிருந்தது. எட்டாவது நண்பர் அம்பத்தூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். கைக்கு வருவது 24,000. அதில் 8,000 ஊருக்குப் போகும். ரூம் வாடகை, மெஸ், பெட்ரோல் போக மீதி என்ன இருக்கும் என்று அந்தக் குரூப்பில் எல்லோருக்குமே தெரியும். யாரும் கேட்கவில்லை.

ஏன் எல்லோருக்கும் பாண்டிச்சேரி?

சென்னையிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர். முட்டுக்காடு, மாமல்லபுரம், கல்பாக்கம் தாண்டினால் சாலை கொஞ்சம் அமைதியாகிவிடும். பகலில் போனால் மரக்காணம் உப்பளங்கள் இரண்டு பக்கமும் வெள்ளையாகக் கண்ணைக் கூசும். இரவில் ஒன்றும் தெரியாது. உப்புக்காற்று மட்டும் வரும். மூன்று, மூன்றரை மணி நேரத்தில் மொழி மாறாமல் வேறு ஊருக்குப் போன உணர்வு கிடைக்கும். மஞ்சள் சுவர், காகிதப்பூ, பிரெஞ்சில் எழுதிய தெருப் பலகை. 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனாலும், அவர்கள் கட்டிய தெருக்கள் இன்றும் போட்டோவுக்கு நிற்கின்றன. மதுவின் விலையும் ஒரு காரணம் என்பதைக் குடும்பப் பத்திரிகையில் சொல்லாமல் விட்டாலும் எல்லோருக்கும் தெரியும்.

அதனால், கோவாவுக்கு விமான டிக்கெட் பார்த்து மிரண்டவர்கள் கடைசியில் 'பாண்டியே போதும்' என்று வந்து சேர்கிறார்கள். போதும் என்று வந்த ஊரும் இப்போது லேசான செலவில் முடிவதில்லை.

பாண்டிச்சேரி வில்லா, விழுப்புரம் மாவட்டத்தில்!

ஆப்பில் 'பாண்டிச்சேரி பீச் வில்லா' என்று பார்த்து புக் செய்தார்கள். நள்ளிரவில் மேப் காட்டிய வழியில் போய் நின்ற இடம் கோட்டக்குப்பம் பக்கம். அது தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். பாண்டிச்சேரியின் எல்லை அப்படித்தான். ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் நடுவே மாநிலம் மாறும். அலையாடல் சொல்லிக்கொடுக்கும் செரினிட்டி பீச்சும் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. புதுச்சேரியில் வாங்கிய மதுபாட்டிலை அனுமதியில்லாமல் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம். ரூமுக்குத்தான் போகிறோம் என்று சொன்னால் சோதனைச்சாவடியில் எடுபடாது. புக் செய்வதற்கு முன்பு முகவரியில் மாவட்டத்தின் பெயரைப் பார்ப்பது நல்லது.

இன்னொரு சிக்கல், வரி. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு ஜி.எஸ்.டி 12 சதவிகிதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. அதற்கு மேல் போனால் 18 சதவிகிதம். எட்டு பேருக்குத் தனித்தனியாக நான்கு சாதாரண அறை எடுத்திருந்தால் 5 சதவிகிதத்தில் முடிந்திருக்கும். ஆனால், முழு வில்லாவும் ஒரே யூனிட். ஒரு நாளைக்கு 18,000 ரூபாய். இரண்டு இரவுக்கு 36,000, வரி 6,480, ஆக 42,480. 'ஷேர் பண்ணா சீப்பாயிடும்' என்ற கணக்கு இங்கே கொஞ்சம் உதைக்கிறது. அதே வில்லா செவ்வாய், புதன்கிழமைகளில் ஏறக்குறைய பாதி வாடகைக்குக் கிடைக்கும் என்கிறார் அதைப் பார்த்துக்கொள்பவர். செவ்வாய்க்கிழமை லீவு எடுத்து பேச்சுலர் பார்ட்டிக்கு வருகிறவர் யார்?

மீதிக் கணக்கைக் குழுவின் 'டிரெஷரர்' போனில் வைத்திருக்கிறார். வாடகைக் கார், டீசல், டோல் 12,000. சாப்பாடு, படகு, இதர வகை 28,000. டி-ஷர்ட் 3,600. கேக், பலூன், 'க்ரூம் டு பி' என்று மின்னும் பட்டை 3,500. மொத்தம் 89,580. மாப்பிள்ளையிடம் காசு வாங்கக் கூடாது என்பது எங்கிருந்தோ வந்த சட்டம். எனவே, எட்டால் வகுக்க முடியாது. ஏழால் வகுத்தால் 12,797.

அந்தச் சட்டம் ரொம்பப் பழையதில்லை. பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன்புவரை மாப்பிள்ளைதான் நண்பர்களுக்கு ட்ரீட் கொடுப்பார். முகூர்த்தத்துக்கு முந்தின இரவு மண்டபத்து மாடி அறையில் பாய் விரித்துச் சீட்டாட்டம். பந்தியில் கடைசி வரிசை. விடியற்காலையில் யாரோ ஒருவர் மாப்பிள்ளையின் ஷூவைத் தேடிக்கொண்டிருப்பார். நண்பர்கள் செலவு என்றால் அதிகபட்சம் மண்டப வாசலில் ஒரு ஃப்ளெக்ஸ். அதில் மாப்பிள்ளையைவிட நண்பர்கள் போட்டோ பெரிதாக இருக்கும்.

இப்போது மண்டபத்துக்குப் போவதற்கு முன்பே பாதிச் சம்பளம் போய்விடுகிறது. தஞ்சாவூருக்கு ரயில், ரிசப்ஷனுக்கு ஒரே நிறத்தில் குர்தா, தங்கம் விற்கும் விலையில் எல்லோரும் சேர்ந்து ஒரு மோதிரம். இவையெல்லாம் இனிமேல்தான். பெண்கள் மட்டும் தப்பித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். சனிக்கிழமை காலை ஒயிட் டவுன் தெருக்களில் 'பிரைடு டு பி' பட்டை போட்ட தோழிகள் குழு ஒன்றாவது மஞ்சள் சுவரோரம் நிற்கிறது. அவர்களுக்கு டி-ஷர்ட்டுக்குப் பதில் ஒரே நிற கவுன். கூடவே போட்டோகிராபர். அந்தச் செலவு தனி.

கடற்கரைச் சாலை

சனிக்கிழமை இரவு ஒயிட் டவுனில் ஓர் உணவகம். பில்லில் கடைசியில் 10 சதவிகிதம் சர்வீஸ் சார்ஜ். ஏழு பேரும் பேசாமல் ஸ்கேன் செய்யப் போனார்கள். ஒருவர் மட்டும், "அண்ணே, இதை எடுத்துடுங்களேன்" என்று கேட்டார். எடுத்துவிட்டார்கள். சர்வீஸ் சார்ஜைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதை 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் உறுதிசெய்தது. கேட்டால் குறையும். கேட்பதற்குத்தான் கூச்சம். அந்தக் கூச்சத்துக்கும் ஒரு விலை இருக்கிறது.

பாண்டிச்சேரியில் காசு வாங்காத இடம், கடற்கரைச் சாலை. மாலை 6 மணிக்கு வாகனங்களை நிறுத்திவிடுவார்கள். மறுநாள் காலை 7.30 வரை அது நடப்பவர்களின் சாலை. ஒரு பக்கம் பழைய கலங்கரை விளக்கம், எட்டு கருங்கல் தூண்களுக்கு நடுவே காந்தி சிலை, எதிரே போர் நினைவுச் சின்னம். தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை என்று சொல்வார்கள். இன்னொரு பக்கம், கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள். சுண்டல், ஐஸ், பஞ்சுமிட்டாய். வில்லாவின் நீச்சல் குளத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் யாரும் இறங்கவில்லை. இந்தக் கற்களின் மேல் நள்ளிரவு வரை எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அங்கேதான் எட்டாவது நண்பர் வந்தார்.

மாப்பிள்ளை மதியமே போன் செய்திருந்தார். "லீவெல்லாம் கதை விடாதடா. நீ வரலைன்னா கேக் வெட்ட மாட்டேன்" என்று கட். சனிக்கிழமை ஷிஃப்ட் முடித்துவிட்டு, ஈ.சி.ஆர் வழியாக வரும் அரசுப் பேருந்தில் ஏறி, பாதி தூரம் நின்றுகொண்டு, இரவு 10 மணிக்குமேல் வந்து இறங்கினார். டிக்கெட் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிட்டது. (எழும்பூரிலிருந்து ரயிலும் இருக்கிறது. விழுப்புரம் சுற்றி வருவதால் நேரம் பிடிக்கும். ஆனால், பேருந்தைவிடவும் மலிவு.) கவரிலிருந்த டி-ஷர்ட்டை நடு ரோட்டில் மாட்டிவிட்டார்கள். கேக் கற்களின் மேல் வைத்து வெட்டப்பட்டது. கடல் காற்றில் மெழுகுவத்தி ஒன்றுகூட எரியவில்லை.

"நான் என்ன விருந்தாளியா?"

ஞாயிற்றுக்கிழமை காலை சுண்ணாம்பாற்றுப் படகுக் குழாமில் கியூ. அங்கிருந்து படகில் போனால் பாரடைஸ் பீச். மாங்குரோவ் ஓரமாக அரை மணி நேரத்துக்கும் குறைவான பயணம். குடும்பம் குடும்பமாக டிபன் பாக்ஸுடன் வந்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் கறுப்பு டி-ஷர்ட்காரர்கள்தான் சத்தமில்லாமல் இருந்தார்கள். காரணம், காலையில் செலவு பிரிக்கும் ஆப்பைத் திறந்த எட்டாவது நண்பர், தன் பெயர் அதில் இல்லாததைப் பார்த்துவிட்டார்.

"என் பேரை ஏன்டா எடுத்தீங்க?"

"விடு மச்சான், பார்த்துக்கலாம்."

"என்ன பார்த்துக்கறது? நான் என்ன விருந்தாளியா?"

டிரெஷரருக்கும் அது லேசான விஷயமில்லை. வில்லாவின் 42,480 ரூபாயும் அவருடைய கிரெடிட் கார்டில்தான் நிற்கிறது. ஐந்தாம் தேதி கட்ட வேண்டும். ஏழு ஆறு ஆனால், மற்றவர்களுக்கு ஆளுக்கு 2,133 ரூபாய் ஏறும். அதில் ஒருவர் ஏற்கெனவே, "நீங்க ரெண்டு நாளைக்கு வில்லா போட்டா நான் என்ன பண்றது?" என்று முணுமுணுத்திருந்தார். குரூப்பில் போட்டோ பகிர்ந்து 'இந்த வில்லா செமயா இருக்குல்ல?' என்று கேட்டபோது, தம்ஸ்-அப் போட்டவர்களில் அவரும் ஒருவர். எட்டாவது நண்பரும் போட்டிருந்தார். எட்டு தம்ஸ்-அப்பில் நான்காவது பொய்யாக இருந்தாலும் அது மற்றதைப் போலத்தான் தெரியும்.

படகு திரும்பி வருவதற்குள் எட்டாவது நண்பர் தன் பில்லைத் தானே போட்டுவிட்டார். கார் வேண்டாம், பஸ்ஸில்தானே வந்தார். வெள்ளிக்கிழமை இரவு அங்கே தூங்கவில்லை. ஒரு இரவு வாடகையில் ஏழில் ஒரு பங்கு 3,034. டி-ஷர்ட் 514. கேக், பலூன் பங்கு 500. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடும் படகும் 900. மொத்தம் 4,948 ரூபாய். "இதை இப்பவே தர முடியாது. ரெண்டு தவணை. ஆனா என் பேரைப் போடு" என்றார்.

டிரெஷரர் கொஞ்ச நேரம் போனையே பார்த்தார். மீதியை ஆறு பேர் பிரித்தால் ஆளுக்கு 1,308 கூடும். நியாயமா என்று கேட்டால் இரண்டு பக்கமும் பேசலாம். வில்லாவுக்கு ஆள் குறைந்தால் வாடகை குறையாது. அதே நேரம், வில்லா வேண்டும் என்று அவர் கேட்கவும் இல்லை. அப்போது மாப்பிள்ளை குறுக்கே புகுந்து, "என்னையும் சேருடா. எனக்குத்தானே பார்ட்டி, நானும் போடுறேன்" என்றார். "அதெல்லாம் கிடையாது" என்று ஏழு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். பக்கத்தில் டிபன் பாக்ஸ் திறந்துகொண்டிருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எங்க கல்யாணத்துல மாமா ஒருத்தர் ஆளுக்கொரு கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்ப்பா, அதையே இன்னும் பேசிக்கிட்டிருக்கோம்" என்று சிரித்தார்.

ஞாயிறு மாலை கிளம்பும்போது மரக்காணம் உப்பளங்கள் தெரியும் வெளிச்சம் இருந்தது. காரில் எட்டு பேருக்கும் இடம் இருந்தது. கார் செலவில் தன் பங்கு இல்லை என்று எட்டாவது நண்பர் பஸ்ஸுக்குப் போகப் பார்த்தார். பையைப் பிடுங்கி டிக்கியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். ஆப்பில் கார் கணக்கின் கீழே அவரே 'திரும்பி வந்தது - 400' என்று ஒரு வரி சேர்த்தார்.

திங்கள்கிழமை காலை முதல் தவணை 2,500 டிரெஷரருக்கு வந்து சேர்ந்தது. அன்று மாலையே குழுவில் இன்னொருவருக்கு நிச்சயம் முடிவான செய்தி வந்தது. புதிதாக ஒரு வாட்ஸ்அப் குரூப். பெயர், 'கோவா'. இந்த முறை முதல் மெசேஜை டிரெஷரர் போட்டார்: "இடம் அப்புறம் பேசலாம். யாரால எவ்ளோ முடியும்னு எனக்குத் தனியா மெசேஜ் பண்ணுங்க. குறைஞ்ச தொகை எதுவோ, அதுக்குள்ளதான் ஊர்."

புதன்கிழமை வரை ஐந்து பேர் தனியாகத் தொகை அனுப்பியிருந்தார்கள். குரூப்பின் பெயரிலிருந்து கோவாவை யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள்.