மலைப்பாதை ஜீப்பும் அதன் முன்பம்பரும்

நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களின் உட்பாதைகள் பெரும்பாலும் மனிதரின் பயணத்தை எண்ணி வகுக்கப்பட்டவையல்ல. மலையில் பறித்த கொழுந்து வாடுமுன் அதை ஸ்டோர் என்று தோட்டத்தில் வழங்கும் தொழிற்சாலைக்குக் கொண்டு சேர்க்க வேண்டும் என்ற கணக்கில் வெட்டப்பட்டவை. பிரதான வீதியை விட்டுப் பிரியும் இடத்திலேயே செங்குத்தாக ஏறுவதும், ஒரே திருப்பில் வளைக்க முடியாத கொண்டையூசி வளைவுகளும், மழைநீர் குறுக்கே வடிவதற்காக விடப்பட்ட திறந்த கான்களும் அவற்றின் இயல்பாகிவிட்டதற்கு அதுவே காரணம். இத்தகைய பாதையில் ஓடும் நாற்சக்கர உந்து வாகனத்தில், அதாவது நான்கு சில்லுகளுக்கும் என்ஜினின் வலுவைச் செலுத்தக்கூடிய ஜீப் வகை வண்டியில், கானின் மறுகரையை முதலில் தொடும் உறுப்பு முன்பம்பர். வாகனத் தொழிற்சாலையிலிருந்து வந்த பம்பரைக் கழற்றிவிட்டு வேறொன்றை வாங்கிப் பூட்டும் வழக்கத்தை அழகுக்காகச் செய்யும் வேலை என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாமலிருப்பதும் இதனால்தான்.

பாதை ஏன் இந்நிலையில் இருக்கிறது என்பதை விட்டுவிட்டுப் பம்பரைப் பற்றிப் பேசுவது முறையாகாது. 1970களின் காணிச் சீர்திருத்தத்தால் அரசிடம் வந்த தோட்டங்களின் நிர்வாகம் 1992இலிருந்து பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குப் போனது. உட்பாதைகளும் அவற்றோடு போயின. பிரதேச சபை அந்தப் பாதைகளுக்குப் பணம் செலவிட 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக இருந்தது. அப்பிரிவு திருத்தப்பட்டது 2018இல்தான். வரியும் வாக்கும் கொடுத்த மக்கள் முப்பது ஆண்டுகளாகத் தங்கள் வாசலுக்கு ஒரு நல்ல பாதையைக் கேட்க முடியாதவர்களாக இருந்தார்கள் என்பது இதன் பொருள். டயகமவிலும் பொகவந்தலாவையிலும் மஸ்கெலியாவின் மேல் டிவிசன்களிலும் கார் போகாத இடத்துக்கு ஜீப் வேண்டியிருப்பது அந்த வரலாற்றின் மிச்சமே.

முன்பம்பரைத் தெரிவு செய்கையில் முதலில் பார்க்க வேண்டியது அணுகுகோணம். முன்சில்லு தரையைத் தொடும் இடத்திலிருந்து வண்டியின் முன்பகுதியில் மிகத் தாழ்ந்து நீண்டிருக்கும் விளிம்புவரை ஒரு கோடு இழுத்தால், அக்கோடு தரையோடு ஆக்கும் கோணமே அது. அந்தக் கோணத்தைவிடச் செங்குத்தான மேட்டை வண்டி அணுகினால் சில்லு ஏறுமுன் பம்பர் மண்ணில் குத்தும். 2018இல் வெளிவந்த நான்காம் தலைமுறைச் சுசுகி ஜிம்னிக்கு இது 37 பாகை. தாழ்ந்த பிளாஸ்டிக் உதடு தொங்கும் நகரத்து ஜீப்புகளுக்கு இது மிகவும் குறைவு. அவற்றின் பம்பர் தோட்டத்துக் கானில் ஒருமுறை இறங்கி ஏறினாலே கிளிப்புகள் தெறித்து ஒரு பக்கம் தொங்கிவிடுகிறது. இரு ஓரங்களும் மேல்நோக்கிச் சரித்து வெட்டப்பட்டு, சில்லின் முன்முகம் வெளியே தெரியும்படி அமைந்த பம்பர் இக்குறையைத் தீர்க்கும். இது நேர்மையான தேவை. இந்தத் தேவைக்குக் கனத்த இரும்பு அவசியமில்லை என்பதுதான் பலரும் மறந்துவிடும் விடயம்.

கனத்தின் கணக்கு எளிதானது. ஜிம்னியின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2,250 மில்லிமீற்றர். முன் அச்சுக்கு 600 மில்லிமீற்றர் முன்னால், பழைய பம்பரைவிட 60 கிலோ கூடுதலான இரும்பு பூட்டப்பட்டால், நெம்புகோல் விதிப்படி முன் அச்சின் மேல் ஏறும் பாரம் 60 அன்று, 76 கிலோ. மிகுதி 16 கிலோ பின் அச்சிலிருந்து தூக்கப்பட்டதாகும். மொத்தமே 1,100 கிலோவை ஒட்டிய வண்டிக்கு இது சிறு மாற்றமில்லை. ஹட்டனிலிருந்து கினிகத்தேனைப் பக்கமாக இறங்கும் வீதியில் பிரேக் பிடிக்கும்போது பாரம் ஏற்கெனவே முன்னோக்கிச் சாய்கிறது. அதோடு இந்த இரும்பும் சேர்ந்தால் முன் ஸ்பிரிங் அமுங்கி, பின்சில்லுகள் ஈரத்தாரில் பிடி தளர்ந்து, வண்டியின் வால் விலகப் பார்க்கும். ஆகவே கனமான பம்பரைப் பூட்டுபவர் அதற்கேற்ற முன் ஸ்பிரிங்கையும் சேர்த்தே வாங்க வேண்டும். அதற்குப் பணமில்லையென்றால் இலேசான பம்பரே அவருக்குப் பொருத்தம்.

பழைய லாண்ட் ரோவருக்குக் கதை வேறு. 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமாகி, பல உருமாற்றங்களுக்குப் பின் 2016 ஜனவரியில் டிபெண்டர் என்ற பெயரோடு உற்பத்தி நின்ற அவ்வண்டியின் முன்பம்பர், அடிச்சட்டத்தின் இரு முனைகளிலும் போல்ட்டால் இறுக்கப்பட்ட ஒரு நேரான இரும்புச் சட்டம் மட்டுமே. கழற்றுவதும் மாட்டுவதும் எளிது என்பதால் அதற்கான மாற்றுப் பம்பர்கள் உலகமெங்கும் செய்யப்படுகின்றன. ஊர் வெல்டிங் கடைகளும் சனல் இரும்பில் அதைச் செய்துகொடுக்கின்றன. ஆனால் இந்த எளிமைக்குள் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய உருக்குத் தட்டுப்பாட்டால் அவ்வண்டியின் உடல் அலுமினியக் கலவையில் செய்யப்பட்டது, அடிச்சட்டமோ உருக்கு. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் வட்டவளையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் ஓடிய வண்டியின் கதவும் போனட்டும் ஐம்பது வருடத்துக்குப் பின்னும் கண்ணுக்கு நன்றாக இருக்கையில், வெறுமையான பெட்டி வடிவிலுள்ள அடிச்சட்டத்தின் முன்முனைகள் உள்ளே புகுந்து தங்கிய சேற்றால் உள்ளிருந்தே துருப்பிடித்திருக்கும்.

அனுபவமுள்ள மெக்கானிக் பழைய பம்பரை இறக்கியதும் புதியதைக் கையால் தொடமாட்டார். சிறு சுத்தியலை எடுத்து அடிச்சட்டத்தின் முனைகளை அடிப்புறமும் உட்புறமும் விரற்கடை விரற்கடையாகத் தட்டிப் பார்ப்பார். நல்ல உருக்கு கணீரென்று பதில் சொல்லும். உளுத்த இடம் வெடித்த பானையைத் தட்டினாற்போல் சத்தமடங்கி, சிலவேளை சுத்தியலின் முனையை உள்ளேயே வாங்கிக்கொள்ளும். துளையிலிருந்து கொட்டும் செந்நிறத் தூளையும் தேயிலைச் சருகையும் பார்த்த பின்பு, ஒட்டு வேலைக்காரரை வரவழைத்து அந்த முனையை வெட்டிப் புதிய துண்டு பொருத்துவதா, அல்லது மேலே கறுப்புப் பெயின்ற் அடித்துப் பம்பரைப் பூட்டிவிடுவதா என்ற கேள்வி எழும். பம்பருக்கு ஒதுக்கிய பணம் முழுவதும் அன்றைக்கு அடிச்சட்டத்துக்கே போய்விடக்கூடும். அப்படிப் போவதே சரி. உளுத்த முனையில் பூட்டிய புதுப் பம்பர், பார்ப்பவருக்குப் பலமாகத் தெரிந்துகொண்டே இழுக்கும் நாளில் கையோடு வந்துவிடும் பொருள்.

பூட்டும் வேலையிலும் சில நுணுக்கங்கள் உண்டு. பெட்டிச் சட்டத்தின் ஊடாகப் போகும் போல்ட்டை இறுக்கும்போது அதன் இரு சுவர்களும் உள்நோக்கி நசுங்காமலிருக்க, துளைக்குள் ஓர் இரும்புக் குழாய்த்துண்டு இருக்க வேண்டும். அவசரத்தில் அது விடுபட்டால் இறுக்கம் சில வாரங்களில் தளரும். போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருப்பது அதன் உருக்கின் வலிமைத் தரத்தைச் சொல்வது. எண்ணில்லாத போல்ட்டைப் பம்பருக்குப் பயன்படுத்தக் கூடாது. 12 மில்லிமீற்றர் விட்டமுள்ள அத்தகைய போல்ட்டுக்கு ஏறத்தாழ 80 முதல் 90 நியூட்டன் மீற்றர் முறுக்கம் போதும், அதாவது ஒரு மீற்றர் நீளச் சாவியின் நுனியில் எட்டு ஒன்பது கிலோ பாரம் தொங்கினால் உண்டாகும் இறுக்கம். துளை இடும்போது வெளிப்பட்ட பச்சை உருக்குக்குத் துருத்தடுப்புப் பூச்சு பூசாமல் மழைக்கு விட்டால், அடுத்த பருவமழை முடியுமுன் போல்ட்டைச் சுற்றி மஞ்சட்கோடு வழியத் தொடங்கும். பம்பர் சம்மட்டமாக நிற்கிறதா, இருபுறமும் உடலுக்கும் அதற்கும் இடைவெளி ஒத்திருக்கிறதா என்று பார்ப்பது கடைசி வேலை; அவசரக்காரர் இதையே முதலில் பார்க்கிறார்.

வின்ச் எனப்படும் மின்சார இழுவை உருளையை ஏற்றுவதற்காகவே பலர் இரும்புப் பம்பர் வாங்குகின்றனர். சுமையோடு சேர்ந்த மொத்த எடையின் ஒன்றரை மடங்கு இழுவலு உடைய வின்ச் தேவை என்பது பொதுவிதி. கம்பி உருளையில் பல அடுக்காகச் சுற்றியிருக்கும்போது இழுவலு குறையும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். மலைச்சேற்றில் அச்சுவரை புதைந்த வண்டியை இழுக்கத் தேவைப்படும் விசை அதன் எடையையே மிஞ்சக்கூடும். அவ்வளவு விசையும் வந்து இறங்குவது முன்சொன்ன ஒருசில போல்ட்டுகளின் மேல். கப்பலில் ஏற்றும்போது கட்டிவைக்கத் தொழிற்சாலை விட்ட வளையத்தை இழுகொக்கி என்று எண்ணிக் கயிறு மாட்டுவது உயிராபத்தான பிழை. பிய்ந்து வரும் வளையம் கயிற்றின் இழுவிசையோடு பறந்துபோகும். தோட்டத்தில் ஒரு வண்டி புதைந்தால் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து ஆட்கள் ஓடிவந்து கைகொடுப்பார்கள், பிள்ளைகள் வேடிக்கை பார்க்க மேட்டில் வரிசையாக நிற்பார்கள்; இழுக்கத் தொடங்குமுன் அவர்கள் எல்லோரையும் கயிற்றின் நீளத்துக்கு மேல் விலக்கி நிறுத்துவது வண்டிக்காரரின் கடமை. கயிற்றை நிழல் மரத்தில் கட்டுவதானால் பட்டை அறாதபடி அகலமான வார்ப்பட்டி வேண்டும். தேயிலைச் செடியில் கட்டவே கூடாது.

2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளியின் மழையில் மலையகமெங்கும் மண் சரிந்து பாதைகள் அறுந்தபோது, வின்ச் பூட்டிய வண்டியின் அருமையும் எல்லையும் ஒருங்கே தெரியக்கூடிய நிலை வந்தது: சேற்றில் சிக்கிய வாகனத்தை அது மீட்கும், அடியோடு போய்விட்ட பாதையில் அதற்கு வேலையில்லை.

இனி வாங்கும் விடயம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டுத் தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்படும்வரை, இருந்த ஜீப்பைக் காப்பாற்றுவதே பலருக்கு ஒரே வழியாக இருந்தது. கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் பழைய பம்பர் தேடுவோர் அதன் பின்பக்கத்தையே முதலில் பார்க்க வேண்டும். முன்பக்கத்துப் பெயின்ற் எதையும் சொல்லாது. தாங்கிகளின் ஒட்டு வெடித்திருக்கிறதா, துளைகள் நீள்வட்டமாக இழுபட்டிருக்கின்றனவா என்பவை அது எந்த வண்டியில் என்ன பட்டது என்பதைச் சொல்லிவிடும். காற்றுப்பை உள்ள வண்டிக்கு அந்த மாதிரிக்கென்றே சோதித்துச் செய்த பம்பரன்றி வேறெதுவும் ஆகாது. மோதலின் அதிர்வைக் கணித்துக் காற்றுப்பையை விரிக்கும் உணரி, முன்பகுதி எவ்வளவு நசுங்கும் என்ற கணக்கை நம்பியே வேலை செய்கிறது. பூட்டியதைக் காப்புறுதிக் கம்பனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுவதும் நல்லது.

1,868 மீற்றர் உயரத்திலிருக்கும் நுவரெலியாவுக்கு இறம்பொடை வழியாக ஏறும் வீதியில் பகலிலும் மூடுபனி இறங்கும். புகார் விளக்குகள், அதாவது பனியின் அடியில் பாதையின் ஓரத்தை மட்டும் காட்டும்படி தாழவும் அகலமாகவும் ஒளிவீசும் விளக்குகள், புதிய பம்பரில் பழைய உயரத்திலேயே அமைய வேண்டும். கூரையில் வைத்த விளக்கு பனியில் பட்டு ஓட்டுபவரின் கண்ணுக்கே திரும்பிவரும். முன்பகுதி அமுங்கியிருந்தால் ஹெட்லைட்டின் திசையையும் மீண்டும் சரிசெய்ய வேண்டும்.

அந்தப் பனிக்குள் வீதியோரம் நடந்து போகிறவர்கள் யார் என்பதில்தான் இந்த விடயத்தின் கனம் முழுவதும் இருக்கிறது. காலையில் மலைக்குப் போகும் கொழுந்து பறிக்கும் பெண்கள், பள்ளிக்கூடத்துக்கு இரண்டு மூன்று கிலோமீற்றர் நடக்கும் பிள்ளைகள், விறகுக்கட்டோடு வரும் முதியவர்கள் என நடைபாதையில்லாத வீதியில் நடப்பவர்களே இங்கு பெரும்பான்மை. தொழிற்சாலைப் பம்பரின் பிளாஸ்டிக்கும் அதன் பின்னிருக்கும் நுரையும் மோதலில் நசுங்கி விசையின் ஒரு பகுதியைத் தாமே வாங்கிக்கொள்ளும். புல்பார் எனப்படும் உயர்ந்த இரும்புக்குழாய்ச் சட்டம் நசுங்குவதில்லை. பெரியவரின் இடுப்பு உயரத்தில் அது நிற்கிறது. அதே உயரத்தில்தான் ஏழு வயதுப் பிள்ளையின் மார்பும் தலையும் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2005இலேயே இத்தகைய முன்சட்டங்களுக்குச் சோதனை விதிகளைக் கொண்டுவந்ததும், இந்திய மத்திய அரசு 2017 டிசம்பரில் அவற்றின் மீது நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களுக்கு எழுதியதும் இக்காரணத்தை முன்வைத்தே. ஆஸ்திரேலியாவின் வெறும்வெளியில் கங்காருவுக்காக உருவான பொருளை, மனிதர் நடக்கும் வீதிக்குக் கொண்டுவருவதற்கு நியாயம் எதுவுமில்லை. ஹோர்ட்டன் சமவெளிப் பாதையில் மரை குறுக்கிடும் என்று சிலர் சொல்வது உண்மைதான். அதற்கு மருந்து வேகத்தைக் குறைப்பது.

ஆகவே ஹட்டனிலோ தலவாக்கலையிலோ இராகலையிலோ ஜீப்புக்குப் பம்பர் மாற்ற எண்ணுபவர், ஓரம் சரித்து வெட்டிய, மேலே குழாய்ச் சட்டம் உயராத, இலேசான ஒன்றை, அடிச்சட்டத்தோடு முறையாக இணைத்த இரண்டு இழுகொக்கிகளோடு பூட்டிக்கொள்ளட்டும். ஏற்கெனவே புல்பார் பூட்டியிருப்பவர் அடுத்த முறை கராஜுக்குப் போகும்போது அதைக் கழற்றிவிட்டு வரட்டும்.