படகின் ஏழு துளைகள்

கடலில் மிதப்பது எதுவாயினும் அதில் துளை இருத்தலாகாது என்றே கரையில் வாழ்வோர் எண்ணுவர். ஆனால், நீர்மட்டத்துக்குக் கீழே வேண்டுமென்றே துளையிட்டுத்தான் பாய்மரப் படகுகள் பலவற்றைக் கட்டுகிறார்கள்.

நமது படகு 26 அடி நீளமுள்ளது. கண்ணாடி இழை கொண்டு 1970களில் வார்க்கப்பட்டது. இங்கிலாந்தின் தென்கரையில், போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தின் சேற்றுக் கழியொன்றில் கட்டுண்டு கிடக்கிறது. அதன் அடியில் ஏழு துளைகள். கழிப்பறைக்கு நீர் வரவும் போகவும் இரண்டு. முகம் கழுவும் தொட்டிக்கு ஒன்று. சமையலறைத் தொட்டிக்கு ஒன்று. பின்தளத்து மழைநீர் வடிய இரண்டு. இஞ்சினைக் குளிர்விக்கும் கடல்நீர் உட்புக ஒன்று. ஒவ்வொரு துளையின் வாயிலும் ஒரு வால்வு. வால்விலிருந்து ரப்பர் குழாய். குழாயை இறுக்கிப் பிடிக்க ஓர் எஃகுக் கிளிப். இரண்டடி ஆழத்தில் இருக்கும் ஒன்றரை அங்குலக் குழாய் கழன்றால், நிமிடத்துக்கு 100 லிட்டருக்கும் மேற்பட்ட நீர் உள்ளே பாயும். கைப்பம்பு அடிக்கும் மனிதர் எத்துணை வலியராயினும் அதை நெடுநேரம் எதிர்த்து நிற்க இயலாது.

படகை வாங்கிய முதல் குளிர்காலத்தில் அதனைக் கரையேற்றி, வால்வுகளை ஒவ்வொன்றாகச் சோதித்தோம். சமையலறைத் தொட்டியின் வால்வைச் சுரண்டியபோது, மஞ்சளாக இருக்க வேண்டிய உலோகம் இளஞ்சிவப்பாய்த் தெரிந்தது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. உப்புநீர் அதிலுள்ள துத்தநாகத்தை மட்டும் மெல்ல மெல்லத் தின்றுவிடுகிறது. எஞ்சுவது பஞ்சு போன்ற செம்பு. உருவம் அப்படியே இருக்கும், வலிமை இராது. சிறு சுத்தியலால் தட்டினோம். நல்ல உலோகத்தின் கணீரென்ற ஒலி எழவில்லை. இரண்டாவது தட்டில் வால்வின் கழுத்து ஒடிந்து கையோடு வந்துவிட்டது.

முந்தைய உடைமையாளர் தந்த காகிதக் கட்டில், அந்த வால்வைப் புதிதாய் மாற்றியதற்கான பட்டறை ரசீது இருந்தது. மாற்றி ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன. பட்டறைக்காரர் விதி எதையும் மீறியதாகவும் சொல்வதற்கில்லை. இத்தகைய பொருத்துகள் ஐந்தாண்டுக் காலம் பழுதின்றி அரிப்பைத் தாங்கினால் போதும் என்றே 1994ஆம் ஆண்டின் சர்வதேசத் தர விதி வகுத்திருந்தது. விதிக்கு ஐந்தாண்டு போதும். அந்தப் படகில் உறங்குவோர்க்குப் போதுமா? அன்றுமுதல் இவ்வேலையை நமது கையாலேயே செய்வதென முடிவு செய்தோம். ஏழு வால்வுகளையும் வெண்கலத்துக்கு மாற்றினோம். குழாய்க்கு இரண்டு கிளிப்புகள் வீதம் இட்டோம். ஒவ்வொரு வால்வின் அருகிலும் கூம்பு வடிவ மர அடைப்பான் ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம்.

இஞ்சின் கதை வேறு. ருடால்ஃப் டீசல் தமது இயந்திரத்தை 1897இல் வெற்றியுடன் இயக்கிக் காட்டினார். 1913இல் ஆன்ட்வெர்ப்பிலிருந்து ஹார்விச் நோக்கிச் சென்ற 'டிரெஸ்டன்' என்னும் கப்பலிலிருந்து இரவில் காணாமற்போய்க் கடலில் மாண்டார். அவர் பெயர் தாங்கிய இயந்திரம் கேட்பவை சிலவே: தூய எண்ணெய், காற்று, குளிர்விக்க நீர். எண்ணெய்க் குழாயில் காற்றுக்குமிழி புகுந்தால் அது நின்றுவிடும். திருகைச் சற்றுத் தளர்த்திக் குமிழி போகும்வரை எண்ணெயை வழியவிட்டால் மீண்டும் ஓடும். நீர் நின்றால் மட்டும் பொறுக்காது.

இரண்டாம் ஆண்டுக் கோடையில் வைட் தீவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். காற்று அடங்கிவிட்டது. அக்காவும் பிள்ளைகளும் முன்னறையில் உறங்கினர். "புகைக்குழாயில் தண்ணீர் வரவில்லையே, மச்சான்! இஞ்சினை நிறுத்திவிடுங்கள்!" என்று கூவினோம். அவர் நிறுத்தினார். நீரோட்டமோ, சவுதாம்ப்டனுக்குச் செல்லும் பெருங்கப்பல்களின் பாதையை நோக்கி எங்களை இழுத்தது.

கடல்நீர் வால்வைத் திருகினோம். குளிர்காலத்தில் கிரீஸ் தடவியிருந்தமையால் இலகுவாக மூடிக்கொண்டது. வடிகட்டி சுத்தமாயிருந்தது. பம்பைத் திறந்தால், அவ்வாண்டு வசந்தத்தில்தான் புதிதாக இட்ட ரப்பர்ச் சுழலியின் ஆறு இதழ்களில் மூன்றைக் காணோம். மிதந்துவந்த நெகிழிப் பை ஏதேனும் துளையின் வாயில் ஒட்டியிருக்கலாம். இஞ்சின் நின்றதும் அது விலகியிருக்கும். நீரின்றிச் சுழலும் ரப்பர் சிறிது நேரத்திலேயே கிழிந்துவிடும். தகர டப்பாவிலிருந்த புதிய சுழலியைப் பொருத்துமுன், கிழிந்த இதழ்களைத் தேடியெடுக்க வேண்டியிருந்தது. ஒன்று உள்ளே தங்கினாலும் குறுகிய வழியை அடைத்துவிடும் அன்றோ? இரண்டு பம்பிலேயே கிடைத்தன. மூன்றாவதைக் குழாயின் வளைவிலிருந்து மச்சான் கம்பியால் இழுத்தெடுத்தார். இஞ்சினை முடுக்கியதும் புகைக்குழாய் நீரை உமிழ்ந்தது. பிள்ளைகள் விழித்தெழுந்து பார்த்தபோது துறைமுகம் தெரிந்தது.

ஆண்டுதோறும் வசந்தத்தில் கைவிளக்குடன் குப்புறப் படுத்து, அந்த ஏழு இடங்களையும் விரலால் தடவிப் பார்க்கிறோம். கண்ணுக்கு எட்டாத குழாயின் பின்புறத்தையே முதலில் தொடுகிறோம். கிளிப் துருப்பிடிப்பதும் ரப்பர் வெடிப்பதும் பெரும்பாலும் அங்கேதான். கடற்கரையையே காணாத வாசகரின் வீட்டிலும் சமையல் வாயு அடுப்பின் பின்னே ஒரு ரப்பர் குழாய் உண்டு. இன்றிரவு அடுப்பை அணைத்தபின் ஒருமுறை அதனையும் தடவிப் பாருங்கள்.